மன்னிப்புக்குப் பிறகு மிச்சமிருக்கும் தண்டனை: உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சீர்திருத்தத் திருச்சபைகள் ஏன் மறுக்கின்றன?

மதுரை வட்டாரத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் துக்கம் நேர்ந்தால் முப்பதாம் நாள் உறவினர் கூடுவது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்திலும் உண்டு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபை) குடும்பத்திலும் உண்டு. ஆர்.சி. வீட்டார் இறந்தவர் பெயருக்குப் பூசைக் கருத்து (அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி வேண்டுகோள்) கொடுத்து, அவருடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். சி.எஸ்.ஐ. வீட்டார் ஆயரை அழைத்து ஜெபக்கூட்டம் வைக்கிறார்கள். அங்கே இறந்தவருடைய வாழ்வுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படும், இருப்பவர்களுக்காக ஆறுதல் கேட்கப்படும், இறந்தவருக்காக எதுவும் கேட்கப்படாது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் இந்த வேறுபாடு சில நேரம் வாய்விட்டே வந்துவிடும். "அண்ணன் ஆண்டவர்கிட்ட போயிட்டார்னுதானே சொல்றீங்க, அப்புறம் எதுக்குப் பூசை?" என்று ஒரு பக்கம் கேட்க, "செத்தவருக்கு ஒரு ஜெபம் சொல்லக்கூட மனசு வராதா மதினி?" என்று மறுபக்கம் கேட்கும். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது, இறந்தவர்கள் மோட்சத்தில் நுழையுமுன் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற ஒரே போதனைதான்.

அந்தப் போதனையைச் சீர்திருத்தத் திருச்சபைகள் மறுக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். எதனால் மறுக்கின்றன என்பதைத்தான் பலரும் அரைகுறையாகச் சொல்கிறார்கள். 'அந்த வார்த்தையே வேதத்தில் இல்லை' என்பது நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் பதில். 'பாவத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிப் போப் காசுக்குச் சீட்டு விற்றார்' என்பது அதற்கடுத்தது. முதல் பதில் போதாது. திரித்துவம் என்ற வார்த்தையும்தான் வேதத்தில் இல்லை. இரண்டாவது பதில் உண்மையில் நடந்த ஒரு கேட்டைச் சுட்டுகிறது; ஆனால் அந்தக் கேடு ஒழிந்த பிறகும் போதனை அப்படியே நிற்கிறது. மறுப்பின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கடவுள் ஒரு பாவத்தை மன்னித்துவிட்ட பிறகு, அதற்கான தண்டனையில் மனிதன் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டிய பங்கு ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. இக்கட்டுரை சீர்திருத்த மரபுக்குள்ளிருந்து எழுதப்படுகிறது. ஆனாலும் எதிர்த்தரப்பை அதன் பலமான வடிவத்தில் எடுத்து வைக்காமல் மறுப்பதில் பயனில்லை.

கத்தோலிக்கப் போதனை சொல்வது என்ன? சாவான பாவத்தோடு (கடவுளின் அருளை இழக்கச் செய்யும் கனமான பாவத்தோடு) மனஸ்தாபமின்றி இறப்பவருக்கு இதில் இடமே இல்லை; நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே கொடுக்கப்படும் இரண்டாவது வாய்ப்பு என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. கடவுளின் அருள் நிலையில் இறந்தும், அற்பப் பாவங்களின் கறை நீங்காமலோ, ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய அநித்திய தண்டனை (என்றென்றைக்கும் நீடிக்காத, தீர்ந்துபோகக்கூடிய தண்டனை) தீராமலோ போனவர்கள், மோட்சத்தில் நுழைவதற்கு வேண்டிய தூய்மையை அங்கே பெறுகிறார்கள். அவர்களுடைய மீட்பு உறுதியானது. வாழ்கிறவர்களின் மன்றாட்டும், சிறப்பாகத் திருப்பலியும், அவர்களுக்கு உதவுகின்றன. 1274-இல் கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கமும், 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமும், 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கமும் இதை அறிவித்தன. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 1030 முதல் 1032 வரையிலான எண்கள் இதையே மீண்டும் சொல்கின்றன. இந்தச் சங்கங்கள் தங்கள் வரையறையில் எதைச் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புளோரன்ஸும் திரெந்தும் நெருப்பை விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கவில்லை. அது ஓர் இடத்தைவிட ஒரு நிலையையே குறிக்கிறது என்று போப் இரண்டாம் யோவான் பவுல் 1999 ஆகஸ்டில் வெளிப்படையாகவே விளக்கினார். ஆகவே, பழைய கார்மேல் மாதா படங்களில் தீ நாக்குகளுக்கு நடுவே கைகூப்பி நிற்கும் ஆன்மாக்களைக் காட்டி, 'இதுதான் அவர்கள் போதனை' என்று ஏளனம் செய்யும் பிரசங்கி படத்தைத்தான் மறுக்கிறார். போதனை அவர் கைக்கு அகப்படாமலே போய்விடுகிறது.

இந்த வழக்கு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி காலத்திலிருந்தே இங்கே கத்தோலிக்கப் போதனை தமிழில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1706-இல் லுத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களுக்கு எதிராக வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். மதுரையில் இரு தரப்பும் நேருக்கு நேர் நின்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது. 1773-இல் கலைக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1837-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி மதுரை மிஷனை மறுபடி தொடங்கினார்கள். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். அமெரிக்க மிஷனரிகள் கொண்டுவந்தது லுத்தருடைய மரபைவிடக் கால்வினையும் இங்கிலாந்துப் பியூரிட்டன்களையும் சார்ந்த மரபு. சரீரத்தை விட்டுப் பிரிந்த ஆத்துமாக்களுக்கு மோட்சம், நரகம் என்ற இரண்டைத் தவிர வேறு இடத்தை வேதம் அறியாது என்று 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொன்னதும், இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று அதே அறிக்கை விதித்ததும் அந்த மரபின் சொத்து. இராமநாதபுரம் பக்கத்தில் எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் வழியாக வந்த ஆங்கிலிக்கன் சபைகளுக்கோ அத்திருச்சபையின் கோட்பாட்டுத் தொகுப்பான முப்பத்தொன்பது பிரமாணங்கள் இருந்தன. அவற்றில் 22-ஆவது, இந்தப் போதனையை வீணாகக் கற்பிக்கப்பட்ட ஒன்று என்று தள்ளுகிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. நம்முடைய ஜெபக்கூட்டங்களில் இறந்தவருக்காக எதுவும் கேட்கப்படாததற்கு இந்த வரலாறே காரணம். மனக் கடினத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி வேத வசனங்களுக்கு வருவோம். கத்தோலிக்கத் தரப்பு முதலில் எடுப்பது 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம். போரில் இறந்த வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, பாவப் பரிகாரப் பலி செலுத்தும்படி எருசலேமுக்கு அனுப்பிய செய்தி அது. அந்த நூல் நமது 66 புத்தகங்களில் இல்லை என்று சொல்லி வாதத்தை அங்கேயே முடித்துக்கொள்வது நம் வழக்கம். எபிரெய வேதத்தில் இல்லாத நூல்களைச் சபைக்குப் பயனுள்ளவையாகக் கொள்ளலாம், கோட்பாடுகளை நிறுவக் கொள்ளலாகாது என்று வேதத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரித்துக் காட்டியிருப்பதால், அப்படிச் சொல்ல நமக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நூலை ஏற்றுக்கொண்டு படித்தாலும் வாதம் நிற்கவில்லை என்பதுதான் கூடுதல் சுவாரசியம். அந்த வீரர்களின் உடுப்புக்கு அடியில் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் இருந்தன. அதனால்தான் அவர்கள் மடிந்தார்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. சிலைவழிபாடு கத்தோலிக்கக் கணக்கிலும் சாவான பாவம்; அதோடு இறந்தவருக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் இடமில்லை. கடைசி நேரத்தில் அவர்கள் மனம் வருந்தியிருக்கலாம், யூதா அப்படித்தான் நம்பினார் என்று கத்தோலிக்க உரையாசிரியர்கள் பதில் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பகுதி யூதாவைப் பாராட்டுவது அவர் உயிர்த்தெழுதலை நினைத்து அப்படிச் செய்தார் என்பதற்காகவே. இறந்தவர்கள் அப்போது எங்கோ வேதனைப்பட்டுத் தூய்மையடைந்துகொண்டிருந்தார்கள் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. இறந்தவருக்காக மன்றாடும் வழக்கம் யூதரிடையே இருந்தது என்பதற்கு அது சான்று; அதற்கு மேல் அதை இழுக்க முடியாது.

மத்தேயு 12:32-இல் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் 'இம்மையிலும் மறுமையிலும்' மன்னிக்கப்படுவதில்லை என்று இயேசு சொல்வதிலிருந்து, வேறு சில பாவங்கள் மறுமையில் மன்னிக்கப்படும் என்று ஊகிப்பது இன்னும் மெலிந்த வாதம். ஒருபோதும் மன்னிப்பில்லை என்பதை அழுத்திச் சொல்லும் வழி அது; மாற்கு 3:29 அதை அப்படித்தான் எழுதுகிறது.

1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம் அப்படி எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. "ஒருவன் கட்டினது வெந்துபோனால், அவன் நஷ்டமடைவான், அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்" என்கிறார் பவுல். இரட்சிப்பு, நஷ்டம், அக்கினி மூன்றும் ஒரே வசனத்தில் இருப்பதால் கத்தோலிக்க வாசிப்புக்கு இங்கே இடம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் முன்பின் வசனங்களைச் சேர்த்து வாசித்தால் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. பவுல் பேசுவது தன்னையும் அப்பொல்லோவையும் போல, கொரிந்து சபை என்ற கட்டடத்தைக் கட்டிய ஊழியக்காரர்களைப் பற்றி. அக்கினி சோதிப்பது அவர்களுடைய வேலைப்பாட்டை. கட்டியவனின் ஆத்துமா அதில் புடம் போடப்படுவதாகச் சொல்லப்படவில்லை. பொன்னால் கட்டியவனுடைய வேலையும் வைக்கோலால் கட்டியவனுடைய வேலையும் அதே அக்கினிக்குள் போகின்றன. அது நிகழும் நேரம் 'நாளானது அதை விளங்கப்பண்ணும்' என்ற வசனத்தில் இருக்கிறது. அது கர்த்தருடைய நாள். இறப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே நீளும் ஒரு காலத்துக்கு இந்த வசனம் சாட்சி சொல்லவில்லை.

ஆதிச் சபையின் வழக்கம் என்ன என்ற கேள்வியில் நம் தரப்பு கொஞ்சம் பணிவோடு பேச வேண்டும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கிறிஸ்தவர்கள் இறந்தவர்களுக்காக மன்றாடியிருக்கிறார்கள் என்பதை வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் எழுத்துகள் காட்டுகின்றன. தன்னைப் பலிபீடத்தில் நினைக்கும்படி தன் தாய் மோனிக்கா கேட்டுக்கொண்டதை ஆதிச் சபையின் இறையியலாளர் அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். ஆனால் மன்றாட்டு வழக்கம் வேறு, தூய்மைப்படுத்தும் தண்டனை பற்றிய கோட்பாடு வேறு. இறந்த விசுவாசிகள் சிலர் ஏதோ ஒரு நெருப்பின் வழியாகத் தாமதித்து மீட்கப்படலாம் என்ற கருத்தை அகுஸ்தீன் 'நம்பத்தகாதது என்று சொல்ல முடியாது' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். விசுவாசப் பிரமாணம் ஆக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் மகா கிரகோரியார் கையில்தான் அது கதைகளோடு கூடிய உறுதியான போதனையாகிறது. ஒரு துறவிக்காக முப்பது நாள் தொடர்ந்து பலி ஒப்புக்கொடுக்கச் சொல்ல, முப்பதாம் நாள் அவர் விடுதலை பெற்றுக் காட்சி தந்தார் என்ற கதை அவர் சொன்னதே. கத்தோலிக்கர் இன்றும் கேட்டு நிறைவேற்றும் கிரகோரியன் பூசைகள் முப்பதும் அதிலிருந்து வந்தவை. உத்தரிக்கிற ஸ்தலத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயர்ச்சொல் 1170-களை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் வாதிட்டார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ இன்றுவரை இறந்தவர்களுக்காக மன்றாடுகின்றன, ஆனால் இந்தப் போதனையை ஏற்கவில்லை. 1438-39 பேச்சுவார்த்தையில் எபேசு நகர் ஆயர் மாற்கு இதற்கு எதிராக நின்று, புளோரன்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். 'ஆதிச் சபை இறந்தவர்களுக்காக மன்றாடியது. ஆகவே உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு' என்ற வாதத்துக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளின் இருப்பே பதில்.

லுத்தர் இந்தப் போதனையை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 1517 அக்டோபர் 31-இல் சீட்டு விற்பனைக்கு எதிராக 95 கருத்துரைகளை வெளியிட்டபோது அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பினார். பெட்டியில் காசு விழுந்த உடனே ஆன்மா மேலே பறக்கும் என்று பிரசங்கித்தவர்களை 27-ஆவது கருத்துரையில் சாடினார். 82-ஆவதில் விசுவாசிகள் கேட்கும் கூர்மையான கேள்வி ஒன்றை எடுத்து வைத்தார்: ஆலயம் கட்டும் பணத்துக்காக எத்தனையோ ஆன்மாக்களை விடுவிக்கிற போப், அன்பின் பொருட்டு எல்லாரையும் ஏன் விடுவித்துவிடக் கூடாது? 1519 லைப்சிக் விவாதத்தில் அது உண்டு, ஆனால் வேதத்திலிருந்து நிரூபிக்க முடியாது என்ற நிலைக்கு வந்தார். 1530-இல்தான் அதை முழுவதுமாக மறுத்துத் தனி நூலே எழுதினார். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவரிடம் மாறியது பணம் பற்றிய கோபம் அன்று. நீதிமானாக்கப்படுதல் (கடவுள் பாவியைக் கிறிஸ்துவின் பொருட்டு நீதிமானாக ஏற்பது) பற்றிய அவருடைய புரிதல் ஆழமாகி, அதன் முன் இந்தப் போதனைக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

விவாதத்தின் நடு இதுதான். கத்தோலிக்கப் போதனை பாவத்தின் விளைவை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று குற்றமும் அதற்குரிய நித்திய தண்டனையும். குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அது மன்னிக்கப்படுகிறது. மற்றொன்று அநித்திய தண்டனை. மன்னிப்புக்குப் பிறகும் அது இருக்கக்கூடும். குருவானவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பதாலும், தர்மத்தாலும், தவத்தாலும், துன்பத்தைப் பொறுமையாக ஏற்பதாலும் அது இம்மையில் குறையும். தீராமல் நின்றது மறுமையில் தீர வேண்டும். நீதிமானாக்கப்பட்டவனுக்கு இம்மையிலோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டிய அநித்திய தண்டனைக் கடன் எதுவும் மிஞ்சுவதில்லை என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என 1547-இல் திரெந்து சங்கம் ஆறாம் அமர்வின் 30-ஆவது விதியில் அறிவித்தது. சீர்திருத்த மரபு அந்த விதி மறுக்கும் அதே வாக்கியத்தைத்தான் அறிக்கையிடுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையை வாங்கிக்கொள் என்றால், உசிலம்பட்டி விவசாயி அதைத் தள்ளுபடி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதற்கு வேத ஆதாரமாக நம் தரப்பு எபிரெயர் நிருபத்தை எடுப்பது தற்செயலன்று. திரும்பத் திரும்பச் செலுத்தப்படும் பலிகளுக்கும் ஒரேதரம் செலுத்தப்பட்ட பலிக்கும் உள்ள வேறுபாட்டை அது பல அதிகாரங்களில் விரித்துச் சொல்லி, "ஏனெனில் பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்" என்று பத்தாம் அதிகாரத்தில் முடிக்கிறது. கிறிஸ்துவின் பாடுகள் நித்திய தண்டனையை மட்டும் சுமந்து, அநித்திய தண்டனையை நமக்கே விட்டுவைத்தன என்ற பாகுபாட்டுக்கு அந்த நிருபத்தில் இடம் தேடிப் பார்த்தால் கிடைக்காது. கால்வின் இந்தப் போதனையைக் கடுஞ்சொற்களால் தாக்கியதற்குக் காரணம் இதுவே: கிறிஸ்துவின் இரத்தம் ஒன்றே பாவத்துக்கான பரிகாரம் என்றால், இறந்த ஆன்மா தன் வேதனையால் செலுத்தும் பரிகாரம் அந்த இரத்தத்தைக் குறைவுள்ளதாக்குகிறது என்றார் அவர்.

கத்தோலிக்கத் தரப்பு இங்கே தாவீதைக் கூப்பிடுகிறது. "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று நாத்தான் சொன்ன அதே மூச்சில், உன் பிள்ளை சாகும் என்றும் சொல்கிறான். மன்னிப்புக்குப் பிறகும் தண்டனை இருந்ததே என்கிறார்கள். சகேயு மன்னிப்போடு நிற்காமல் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தானே என்றும் கேட்கிறார்கள். இவை சாதாரணக் கேள்விகள் அல்ல. பாவத்துக்கு விளைவுகள் உண்டு, மன்னிக்கப்பட்ட பிறகும் உண்டு. குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர் மனந்திரும்பிய மறுநாள் ஈரல் சரியாகிவிடுவதில்லை. அயலானுக்குச் செய்த நஷ்டத்தை ஈடுசெய்வதும் கடமைதான். ஆனால் தாவீதுக்கு நேர்ந்ததைத் தகப்பன் பிள்ளையைச் சிட்சிக்கிற சிட்சையாகவும், கர்த்தரின் சத்துருக்கள் தூஷிக்காதபடி வெளிப்படையாக நடந்த கண்டிப்பாகவும் வேதம் காட்டுகிறது. கடவுளின் நீதிக்குத் தாவீது தன் பங்காகச் செலுத்திய தொகையாகக் காட்டவில்லை. சிட்சையின் நோக்கம் பயிற்றுவிப்பது என்று எபிரெயர் 12 சொல்கிறது; அந்தப் பயிற்சி நடக்கும் காலம் இந்த வாழ்வு. சகேயு கொடுத்தது தான் ஏமாற்றியவர்களுக்கு, கடவுளுக்கு அன்று.

இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியல் இந்தப் போதனையைச் சொல்லும் விதம் வெகுவாக மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் இந்தக் கட்டுரை நாணயமற்றதாகிவிடும். அநித்திய தண்டனையைக் கடவுள் வெளியிலிருந்து பழிவாங்குவதாக எண்ணக் கூடாது, பாவத்தின் இயல்பிலிருந்தே அது எழுகிறது என்று மறைக்கல்வி ஏட்டின் 1472-ஆவது எண் சொல்கிறது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய சுற்றுமடலில், அந்த நெருப்பு கிறிஸ்துவே, அவரை எதிர்கொள்ளும் சந்திப்பில் நம்மிலுள்ள பொய்ம்மை எரிந்துபோகிறது என்ற கருத்தை எடுத்துரைத்தார். இப்படிச் சொல்லும்போது கடன் தீர்க்கும் இடம் என்ற பழைய படம் பின்னுக்குப் போய், குணப்படுத்தும் சந்திப்பு என்ற படம் முன்னுக்கு வருகிறது. சீர்திருத்தத் தரப்பிலேயே இந்த அளவுக்கு உடன்படுகிறவர்கள் உண்டு, ஆங்கிலிக்கன் எழுத்தாளரான சி. எஸ். லூயிஸ் உத்தரிக்கிற ஸ்தலத்தை இந்தப் பொருளில் நம்புவதாகவே எழுதினார். அழுக்கோடு பரலோக விருந்துக்குள் போகச் சொன்னாலும், முதலில் சுத்தமாக்கிவிடுங்கள் என்றுதானே நாம் கேட்போம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த வாதத்துக்கு நம் மேடைகள் பதில் சொல்வது குறைவு. 'கண்ணை மூடினால் பரலோகம்' என்று அடக்க ஆராதனையில் சொல்லிவிட்டு, கடைசி மூச்சுவரை தம்பியோடு பேசாமல் இருந்தவர் எப்படி ஒரு நொடியில் பரிசுத்தவான் ஆனார் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் பதில் நம் மரபில் இருக்கிறது. விசுவாசிகளின் ஆத்துமாக்கள் மரணத்தில் பரிசுத்தத்தில் பூரணமாக்கப்பட்டு உடனே மகிமைக்குள் செல்கின்றன என்று வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் 37-ஆவது விடை சொல்கிறது. மரணத்தில் நிகழும் அந்தப் பூரணமாக்குதல் கடவுளுடைய செயல். ஆத்துமா பட்டுத் தீர்க்கும் வேதனையின் பலன் என்று அதைச் சொல்ல முடியாது. கர்த்தர் வரும்போது உயிரோடிருப்பவர்கள் 'ஒரு நிமிஷத்திலே, ஒரு இமைப்பொழுதிலே' மறுரூபமாக்கப்படுவார்கள் என்று 1 கொரிந்தியர் 15 சொல்கிறது. அவர்களுக்கு இடையில் ஒரு காலமும் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு" என்றே சொல்லப்பட்டது.

இங்கே புதிய விளக்கத்துக்கு ஓர் இடறல் இருக்கிறது. அந்தச் சந்திப்பின் கால அளவை நம் நாட்கணக்கால் அளக்க முடியாது என்று பெனடிக்ட் சொல்கிறார். அப்படியானால் வாழ்கிறவர்கள் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி எதைக் குறைக்கிறது? அதே மடலில் அவர் இதற்கும் பதில் தேடுகிறார்: எந்த மனிதனும் தனித் தீவு அன்று, ஒருவர் மன்றாட்டு மற்றவரின் தூய்மையாக்கலில் சிறிதளவாவது பங்கேற்கும், அதற்குக் காலம் தவறிவிட்டது என்பது இல்லை என்கிறார். அழகான கருத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் திருச்சபையின் நடைமுறை விதிகள் இன்னும் பழைய கணக்கையே பேசுகின்றன. பரிபூரண பலன்கள் (அநித்திய தண்டனையை நீக்குவதாகத் திருச்சபை வழங்கும் சலுகைகள்) பற்றிப் போப் ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட சட்டம், பாவத்துக்குரிய தண்டனைகள் இம்மைத் துன்பங்களாலோ மறுமையில் நெருப்பாலும் வேதனைகளாலுமோ தீர்க்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று இறந்தவர்களுக்காக மன்றாடுகிறவர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு ஜெபம் என்ற நிபந்தனைகளோடு ஒரு பரிபூரண பலனைப் பெற்று, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். அதற்குக் காசு கிடையாது. ஆனால் கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த புண்ணியக் கருவூலத்திலிருந்து ஒருவர் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டு என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. சந்திப்பு என்று சொன்னால் கணக்கு வேண்டியதில்லை. கணக்கு வேண்டும் என்றால் சந்திப்பு என்ற விளக்கம் போதாது. சீர்திருத்த மறுப்பு இன்றைக்கு அழுத்த வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

அந்தக் கணக்கு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதைப் பங்குக் கோயில் அலுவலகத்தில் பார்க்கலாம். தேதிவாரியாக ஒரு நோட்டு இருக்கும். இறந்தவர் பெயர், கொடுப்பவர் பெயர், காலைப் பூசையா மாலைப் பூசையா என்று எழுதிக் காணிக்கையை வாங்கிக்கொள்வார்கள். பூசை தொடங்கும் முன் அந்தப் பெயர்கள் மைக்கில் வாசிக்கப்படும். இறந்த விசுவாசிகளின் நினைவு நாளான நவம்பர் 2 நெருங்கும்போது நோட்டில் பக்கங்கள் விரைவாக நிரம்பும். அந்த ஒரு நாளில் ஒரு குருவானவர் மூன்று பூசை வைக்கலாம் என்ற சலுகை 1915-இல் பதினைந்தாம் பெனடிக்ட் கொடுத்தது. இதைப் பார்த்துவிட்டு 'வியாபாரம்' என்று சொல்லிவிடுவது எளிது. திருச்சபைச் சட்டத்தின் 947-ஆவது விதி, பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று தடுக்கிறது. ஏழைகளுக்குக் காணிக்கை இல்லாமலும் பூசை வைக்கும்படி 945-ஆவது விதி பரிந்துரைக்கிறது. இழிந்த ஆதாயத்தின் வாசனை உள்ள எதையும் ஆயர்கள் தடைசெய்ய வேண்டும் என்று 1563 திரெந்து ஆணையே எச்சரித்திருக்கிறது. நோட்டில் பெயர் எழுதக் கொடுக்கும் அம்மா வியாபாரம் செய்யவில்லை, தன் கணவர் மேல் வைத்த அன்பைக் காட்டுகிறார். அந்த அன்புக்குத் திருச்சபை கொடுக்கும் செய்தி என்ன என்பதே நமது கேள்வி: உன் கணவர் கிறிஸ்துவுக்குள் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறார் என்பதா, அல்லது அவர் இன்னும் ஏதோ தீர்த்துக்கொண்டிருக்கலாம் என்பதா?

தமிழ்ச் சுவிசேஷத் துண்டுப்பிரதிகள் சில இதைத் திருப்புவனம் வைகைக் கரையில் திதி கொடுப்பதோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று முடித்துவிடுகின்றன. வரலாற்றுப்படி இது சரியில்லை. போதனை வளர்ந்தது இலத்தீன் ஐரோப்பாவில். மதுரையில் அதைக் கற்பித்த நொபிலியே மறுபிறப்புக் கொள்கையை மறுத்துத் தனி நூல் எழுதியவர். ஒப்பீட்டில் ஒரு துளி உண்மை மட்டும் உண்டு: தன் வினையைத் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்க் காதுக்கு மிகப் பழக்கமானது, அந்தக் காதுக்கு 'மன்னிக்கப்பட்டாலும் தீர்க்க வேண்டியது இருக்கிறது' என்ற போதனை தடையின்றி இறங்கிவிடும். இதே காரணத்தால், இறந்தவர் பாடுபட்டுச் செத்தார், அதோடு அவர் பாவமெல்லாம் தீர்ந்தது என்று நம் சி.எஸ்.ஐ. வீடுகளிலும் சொல்கிறார்கள். அது எந்தச் சீர்திருத்த அறிக்கையிலும் இல்லாத போதனை.

உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தால் இறந்தவர்களுக்காக வாயைத் திறக்கவே கூடாதா என்பதில் சீர்திருத்த மரபுக்குள் ஒரே குரல் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் தடுக்கிறது. 1531-இல் வந்த, லுத்தரன்களின் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் விளக்கவுரையோ, இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைத் தாங்கள் தடுக்கவில்லை, அவர்களுக்காகப் பூசையைப் பயன்படுத்துவதையே மறுக்கிறோம் என்று பிரித்துச் சொல்கிறது. லுத்தர் 1528-இல் எழுதிய விசுவாச அறிக்கையில், இந்த ஆத்துமாவுக்கு உதவி செய்யக்கூடிய நிலை இருக்குமானால் கர்த்தாவே இரங்கும் என்ற வகையில் ஒருவர் தனியாக ஜெபிப்பது பாவமன்று என்றார். ஒருமுறையோ இருமுறையோ அப்படிச் சொன்னால் போதும் என்றும் சேர்த்தார். அமெரிக்கன் மிஷன் வழி வந்த மதுரைச் சபைகளுக்கு லுத்தருடைய இந்தச் சலுகை பெரிதாகப் பழக்கமில்லை. அதை ஏற்றுக்கொள்வதால் மறுப்பு பலவீனப்பட்டுவிடாது. ஜெபம் ஒருவரை இரக்கமுள்ள கடவுளின் கையில் ஒப்படைக்கிறது. பூசைக் கருத்தும் பரிபூரண பலனும் அவருடைய தண்டனையில் இவ்வளவு குறையட்டும் என்று கேட்கின்றன. ஆர்.சி. உறவினரோடு கல்லறையில் நிற்கும் சி.எஸ்.ஐ.காரர் முதலாவதை மனச்சாட்சி உறுத்தாமல் செய்யலாம். இரண்டாவதில் பங்கெடுக்க எபிரெயர் பத்தாம் அதிகாரம் அவரை விடாது.